இடமாற்ற அழுத்தமும் காட்டுயானையின் குரலும்: அரிக்கொம்பன் நிகழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனித – யானை முரண்பாடு மிகுந்த பகுதிகளிலிருந்து காட்டுயானைகளைப் பிடித்து வேறு காடுகளில் விடுவது தென்னிந்தியாவில் அடிக்கடி கையாளப்படும் நடவடிக்கையாகும். இவ்வாறு விடப்பட்ட யானை புதிய இடத்தில் ‘அமைதியாகிவிட்டது’ என்னும் முடிவு, அதன் நடமாட்டத்தையும் உணவு உட்கொள்ளும் முறையையும் கொண்டே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. யானையின் குரல் இக்கணிப்பில் இடம்பெறுவது அரிது. யானைக் குரல் பற்றி இதுவரை வெளிவந்துள்ள ஆய்வுகளின் துணையுடன், இடமாற்ற அழுத்தம் குரலில் பதியும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. இடமாற்றத்திற்குப் பின் நிலவும் மௌனத்திற்கு அமைதி அல்லாத நான்கு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதையும், அவற்றை விலக்காமல் மௌனத்தை அமைதியாகக் கொள்வது பிழை என்பதையும் நிறுவுவது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: காட்டுயானை, இடமாற்றம், அழுத்தம், குற்றொலி, உறுமல், பிளிறல், அரிக்கொம்பன், சின்னத்தம்பி

1. முன்னுரை

2023ஆம் ஆண்டு மே 27 அன்று தேனி மாவட்டம் கம்பம் நகரின் தெருக்களில் ஓர் ஆண் யானை ஓடிய காட்சியைத் தமிழகம் முழுவதும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கண்டது. யானைக் காடுகளுக்குத் தொலைவிலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளின் வீடுகளிலும் அக்காட்சி அன்று ஓடிக்கொண்டிருந்தது. அரிக்கொம்பன் என்று அழைக்கப்பட்ட அந்த யானை, அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது ஆகும். கம்பத்தில் அந்த யானையால் காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று யானை மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்திற்கு உட்பட்ட மேல் கோதையாறு பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இந்நிகழ்வு குறித்த செய்திகளில் இரண்டு தொடர்கள் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. ஒன்று, யானை ‘ஆக்ரோஷமாகப் பிளிறியது’ என்பது. மற்றொன்று, விடப்பட்ட பின் ‘அமைதியாக உள்ளது’ என்பது. இவ்விரண்டும் குரல் பற்றிய கூற்றுகளே. யானை ஒலி எழுப்பினால் அது சினம் என்றும், எழுப்பாவிட்டால் அது நலம் என்றும் கொள்ளும் வழக்கம் இவற்றின் அடியில் உள்ளது. இவ்வழக்கம் யானைக் குரல் பற்றிய ஆய்வு முடிவுகளுடன் பொருந்துகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

2. யானைக் குரல்: வகையும் தமிழ்ச் சொல்லும்

யானையின் ஒலிகளை ஆராயப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது சொற்சிக்கலாகும். இன்றைய இதழியல் தமிழில் யானை எழுப்பும் எல்லா ஒலியும் ‘பிளிறல்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறது. ஆனால் தென்னிந்தியக் காட்டுயானைகளின் குரலை ஆராய்ந்து ஸ்மிதா நாயர், ரோகிணி பாலகிருஷ்ணன், சந்திரசேகர் சீலமந்துலா, இராமன் சுகுமார் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒலியின் அமைப்பைக் கொண்டு அவற்றை நான்கு பெரும் வகைகளாகப் பிரித்தது. அவற்றை இக்கட்டுரை பின்வருமாறு தமிழில் குறிக்கிறது.

அ) உறுமல்: மிகத் தாழ்ந்த, நீண்ட ஒலி. கூட்டத்தின் உறுப்பினர் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ளப் பெரிதும் பயன்படுவது.
ஆ) முழக்கம்: வாய்வழி எழும் கரகரத்த உரத்த ஒலி.
இ) பிளிறல்: துதிக்கை வழியாகக் காற்றை வேகமாகச் செலுத்தி எழுப்பும் எக்காளம் போன்ற ஒலி.
ஈ) கீச்சொலி: குறுகிய, உயர்ந்த ஒலி. பெரும்பாலும் அடுத்தடுத்துத் தொடராக எழுவது.

இலங்கையின் உடவளவை தேசியப் பூங்காவில் ஷெர்மின் டி சில்வா மேற்கொண்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு, இவற்றை மேலும் நுணுகிப் பகுத்து 14 வகைகளைக் காட்டியது. மதம் கொண்ட ஆண் யானைக்கே உரிய உறுமலும் அவற்றுள் ஒன்று.

இவ்வகைப்பாட்டில் செய்தியாளரின் காதுக்கும் பொதுமக்களின் காதுக்கும் எளிதில் எட்டுவன பிளிறலும் முழக்கமுமே. உறுமலின் பெரும்பகுதி மனிதச் செவிக்கு அப்பாற்பட்டது. 1986இல் கேட்டி பெய்ன், வில்லியம் லாங்பாவர், எலிசபெத் தாமஸ் ஆகியோர் ஆசிய யானைகளிடம் இதனை முதன்முதலில் நிறுவினர். அவர்கள் பதிவு செய்த ஒலிகளின் அதிர்வெண் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை இருந்தது. மனிதச் செவி கேட்கும் கீழெல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழ்ப்பட்டதைக் குற்றொலி என்பர். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் வசிப்போர், கனரக வாகனம் கடக்கும்போது சன்னல் கண்ணாடி அதிர்வதை அறிவர். செவியில் ஒலியாகப் பதியாமல் உடலில் அதிர்வாக உணரப்படும் அத்தகைய எல்லையிலேதான் யானைகளின் உரையாடல் பெரிதும் நிகழ்கிறது.

ஆகவே, யானையின் குரலை ‘பிளிறல்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கும்போது, கூட்டத்தோடு பிணைப்பைக் காக்கும் உறுமல் நம் பார்வையிலிருந்து முற்றிலும் மறைந்துவிடுகிறது. கலைச்சொல் தெளிவு இவ்வாய்வில் மொழியழகிற்காக வேண்டப்படுவதன்று. எதைக் கவனிக்கிறோம், எதைக் கவனியாது விடுகிறோம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

3. அழுத்தம் குரலில் பதியும் விதம்

3.1 உடலியல் வழி

யானையின் உறுமல் எவ்வாறு பிறக்கிறது என்னும் வினாவிற்குக் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் 2012இல் விடை கண்டனர். இறந்த யானை ஒன்றின் குரல்வளைக்குள் காற்றைச் செலுத்தி, குரல்நாண்கள் தாமாகவே அதிர்ந்து குற்றொலியை எழுப்புவதை அவர்கள் காட்டினர். அதாவது, மனிதர் பேசுவதும் பாடுவதும் எந்த நெறியில் நிகழ்கின்றனவோ அதே நெறியில்தான் யானையின் உறுமலும் நிகழ்கிறது. குரல்நாண் பெரிதாக இருப்பதால் ஒலி தாழ்கிறது.

இம்முடிவு அழுத்தம் பற்றிய ஆய்வுக்கு முக்கியமானது. அச்சத்திலும் பதற்றத்திலும் பாலூட்டிகளின் உடலில் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் மிகுகின்றன, தசைகள் இறுகுகின்றன, மூச்சின் அழுத்தம் கூடுகிறது. இறுகிய குரல்நாண் விரைவாக அதிரும், குரல் உயரும். பதறியவர் குரல் உயர்ந்து நடுங்குவதை நாம் அன்றாடம் கேட்கிறோம். ஜோசப் சோல்ட்டிஸ் குழுவினர் அமெரிக்காவில் பராமரிப்பில் இருந்த ஆப்பிரிக்க யானைகளிடம் மேற்கொண்ட ஆய்வில், தன்னினும் வலிய யானையுடன் கசப்பான எதிர்கொள்ளல் நிகழும்போது பெண் யானையின் உறுமலில் அடிப்படை அதிர்வெண் உயர்ந்தமை காணப்பட்டது. உணர்ச்சிநிலை உறுமலின் அமைப்பையே மாற்றுகிறது என்பது இதனால் தெளிவாகிறது.

கீச்சொலி வேறு வழியில் பிறப்பது. அது குரல்வளையிலிருந்து எழாமல், இறுக்கி மூடிய உதடுகளின் ஊடே காற்றைச் செலுத்துவதால் எழுகிறது என்று வெரோனிகா பீக், ஆங்கெலா ஸ்டோகர் உள்ளிட்டோர் 2021இல் காட்டினர். எக்காளம் ஊதுவோர் உதட்டை அதிரச் செய்வதை இதற்கு ஒப்பிடலாம். ஆசிய யானைகள் கிளர்ச்சியுறும் வேளைகளில் இவ்வொலி மிகுதியாக எழுகிறது.

3.2 சமூக வழி

அழுத்தம் ஒரு யானையின் உடலோடு நின்றுவிடுவதில்லை. தாய்லாந்தில் ஜோஷுவா பிளாட்னிக், பிரான்ஸ் டி வால் ஆகியோர் மேற்கொண்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு யானை கலங்கும்போது அருகிலுள்ளவை அதனிடம் சென்று, துதிக்கையால் அதன் வாயையும் உடலையும் தொட்டு, கீச்சொலி எழுப்பியமை பதிவாயிற்று. கலங்கியதன் குரலுக்கு மறுகுரல் ஆறுதலாக அமைகிறது. யானையைப் பொறுத்தவரை குரல் என்பது இருமுனைச் செயல். எழுப்புவோரும் வேண்டும், கேட்டு மறுமொழி தருவோரும் வேண்டும்.

இதன் மறுபக்கத்தைத் தென்கொரியாவின் எவர்லேண்டில் வாழ்ந்த கோஷிக் என்னும் ஆசிய ஆண் யானை காட்டுகிறது. ஏறத்தாழ 5 ஆண்டுகள் வேறு யானை இல்லாமல் மனிதரிடையே மட்டும் வாழ்ந்த அது, துதிக்கை நுனியை வாய்க்குள் நுழைத்துக் கொரிய மொழிச் சொற்கள் சிலவற்றை ஒத்த ஒலிகளை எழுப்பியது. 2012இல் இதனை ஆராய்ந்த ஸ்டோகர் குழுவினர், பிணைப்புக்காகவே அது மனிதக் குரலைப் போன்று தன் குரலை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்று கருதினர். கேட்போர் இனமே மாறும்போது யானையின் குரலும் மாறக்கூடும் என்பதற்கு இதனினும் வலிய சான்று கிடைப்பது அரிது.

4. இடமாற்றம்: தென்னிந்திய நிகழ்வுகள்

காட்டுயானை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. மாநிலத் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் எழுத்துவழி ஆணையின்றி அதனைப் பிடிக்க இயலாது. அவ்வாணை பெற்றபின் நிகழ்வன பெரும்பாலும் ஒரே முறையில் அமைகின்றன. சைலசின், கெட்டமின் முதலிய மயக்க மருந்துகள் ஊசித் துப்பாக்கி வழியே செலுத்தப்படுகின்றன. கண்கள் கறுப்புத் துணியால் மூடப்படுகின்றன. கால்கள் கயிற்றால் பிணிக்கப்பட்டு, கும்கி யானைகள் நெருக்கித் தள்ள, யானை லாரியில் ஏற்றப்படுகிறது. கழுத்தில் ரேடியோ காலர் பொருத்தப்படுகிறது. சில மணி நேரத்திற்குப் பின் அது தான் அறியாத காட்டில் இறக்கிவிடப்படுகிறது.

அண்மை ஆண்டுகளின் நிகழ்வுகள் சிலவற்றை நிரல்படக் காணலாம்.

2019 ஜனவரி 25 அன்று கோயம்புத்தூர்த் தடாகம் பகுதியில் பிடிக்கப்பட்ட சின்னத்தம்பி, டாப்சிலிப் அருகே வரகளியாற்றுப் பகுதியில் விடப்பட்டது. ஒரு வாரத்திற்குள் அது காட்டைவிட்டு வெளியேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடந்து உடுமலைப்பேட்டைப் பகுதியின் கரும்புக் காடுகளை அடைந்தது. பிப்ரவரி 15 அன்று மீண்டும் பிடிக்கப்பட்டு, வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைக்கப்பட்டது. பின்னர்க் கும்கியாகப் பழக்கப்பட்டது.

2022 டிசம்பரில் நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பகுதியில் பிடிக்கப்பட்ட மக்னா யானை ஒன்று முதுமலைக் காட்டில் விடப்பட்டது. அடுத்த மாதமே அது கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகருக்குள் நுழைந்தது. அங்குப் பிடிக்கப்பட்டு முத்தங்கா முகாமில் அடைக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடிக்கப்பட்டு ஆனைமலைக் காட்டில் விடப்பட்ட மற்றொரு மக்னா யானையும் கோயம்புத்தூர் வரை நடந்து வந்து மீண்டும் பிடிபட்டது.

அரிக்கொம்பன் நிகழ்வு மேலே சுட்டப்பட்டது. மேல் கோதையாற்றில் விடப்பட்ட பின், அது புல் மேய்கிறது, நலமாக உள்ளது என்னும் செய்திகள் படங்களுடன் வெளிவந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புப் பகுதிகளில் காணப்பட்டது.

இலங்கையில் பிரித்விராஜ் பெர்னாண்டோ குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்நிகழ்வுகளைப் புரிந்துகொள்ள உதவுகிறது. இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளை ஜிபிஎஸ் காலர் பொருத்திப் பின்தொடர்ந்து, தம் வாழிடத்திலேயே இருந்த 12 ஆண் யானைகளோடு அவர்கள் ஒப்பிட்டனர். மாற்றப்பட்டவை மூவகையாக நடந்துகொண்டன: பழைய இடத்திற்குத் திரும்பியவை, நெடுந்தொலைவு அலைந்தவை, புதிய இடத்தில் தங்கியவை. இடமாற்றத்தால் முரண்பாடு குறையவில்லை, அது பரவிக் கடுமையாயிற்று. யானை இறப்பும் கூடிற்று என்பது அவ்வாய்வின் முடிவு.

யானை எங்குச் சென்றது என்பதை இவ்வாய்வு காலரின் துணையால் காட்டியது. ஏன் தங்கவில்லை என்பதை அறிய வேறு சான்றுகளும் வேண்டும். குரல் அவற்றுள் ஒன்று.

5. குரல் எட்டும் தொலைவு

குற்றொலி காட்டில் நெடுந்தொலைவு செல்லக்கூடியது. காற்றில் ஒலியின் வேகத்தை வினாடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், 17 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் 20 மீட்டர். அடிமரமும் புதரும் இவ்வளவு நீண்ட அலையைத் தடுப்பதில்லை. ஆப்பிரிக்கச் சவான்னாவில் நடந்த ஆய்வுகள் பகலில் 2 கிலோமீட்டருக்கும் அப்பால் யானைகள் இவ்வொலிக்கு எதிர்வினை காட்டியதை நிறுவின. வறண்ட காலத்தின் மாலை வேளைகளில், தரையை ஒட்டிய காற்று குளிரும்போது, இத்தொலைவு 10 கிலோமீட்டர் வரை நீளக்கூடும் என்று கணிப்புகள் காட்டின.

ஆனால் ஒலி கேட்பது வேறு. இன்னாருடைய குரல் என அறிவது வேறு. கென்யாவின் அம்போசெலியில் கேரன் மெக்கோம் குழுவினர் மேற்கொண்ட ஆய்வுகளின்படி, ஒரு பெண் யானை ஏறத்தாழ 100 யானைகளின் குரலை இனங்காண வல்லது. எனினும் குரலுக்குரியவரை அறிவது பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோமீட்டருக்குள்ளேயே இயலும். உறுமலின் மேற்சுரங்கள் தொலைவில் தேய்ந்துவிடுவதே காரணம். ஆப்பிரிக்கத் திறந்தவெளியில் பெறப்பட்ட இவ்வளவைகளை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆசிய யானைகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் அளவின் பரிமாணம் தெளிவு: யானையின் அறிமுக உலகம் சில கிலோமீட்டர் விரிவுடையது.

சின்னத்தம்பி நடந்தது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். எவ்வளவு சாதகமான காற்றிலும் எந்த உறுமலும் இத்தொலைவைக் கடக்காது. இடமாற்றம் என்பது யானையை ஒரு நிலப்பரப்பிலிருந்து மட்டுமன்றி, அதன் குரலை அறிந்த செவிகளின் வட்டத்திலிருந்தும் அகற்றுகிறது.

ஆண் யானை தனித்து வாழ்வதுதானே, அதற்கு இவ்வட்டம் எதற்கு என்னும் வினா இங்கு எழலாம். நிஷாந்த் ஸ்ரீனிவாசையா குழுவினர் தென்னிந்தியாவில் மேற்கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. விளைநிலங்கள் மிகுந்த, இடர் நிறைந்த நிலப்பரப்புகளில் இளம் ஆண் யானைகள் ஆண்கள் மட்டுமே கொண்ட கூட்டங்களாகச் சேர்ந்து வாழ்வதை அவர்கள் கண்டனர். இடமாற்றத்திற்கு உள்ளாகும் யானைகள் பெரும்பாலும் இத்தகைய நிலப்பரப்புகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. ஆகவே ‘ஒற்றை யானை’ என்னும் பெயரை அதன் சமூகநிலைக்கான சான்றாகக் கொள்ளல் ஆகாது.

6. மௌனத்தின் நான்கு காரணங்கள்

இடமாற்றத்திற்குப் பின் யானையிடமிருந்து ஒலி எழவில்லை எனில், அமைதி என்னும் முடிவுக்கு வருமுன் பின்வரும் நான்கினையும் விலக்கியாக வேண்டும்.

6.1 மருந்தின் மௌனம்

சைலசின் நரம்பு மண்டலத்தின் விழிப்பைத் தணித்துத் தசைகளைத் தளர்த்துவது. லாரியில் நிற்கும் யானை குரலெழுப்பாதிருப்பது பெரும்பாலும் மருந்தின் விளைவு. அச்சம் இல்லாமைக்கு அது சான்றாகாது. முறிமருந்து தரப்பட்ட பின்னரும் விளைவு உடனே முழுவதும் நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது. எனவே இறக்கிவிட்ட முதல் சில மணி நேரத்தின் பதிவுகளைத் தனித்தே நோக்க வேண்டும்.

6.2 கருவியின் செவிடு

அரிக்கொம்பன் குறித்து மக்களிடம் பரவிய காட்சிகள் கைபேசியில் எடுக்கப்பட்டவை. கைபேசியின் ஒலிவாங்கி மனிதப் பேச்சுக்கென அமைக்கப்பட்டது. மிகத் தாழ்ந்த ஒலிகளைக் காற்றிரைச்சலாகக் கருதிக் குறைத்துவிடுவது அதன் இயல்பு. உறுமலின் மேற்சுரங்கள் மங்கலாகப் பதியலாம். அடிப்படை ஒலி பதியாது. அக்காட்சியில் யானை மௌனமாக இருந்தது என்று கூறுவது, கருவியின் குறையை யானையின் நிலையாகக் கொள்வதாகும்.

6.3 அச்சத்தின் மௌனம்

நான்கு காரணங்களுள் மிகுந்த கவனத்திற்குரியது இதுவே. விவேக் துப்பில், ரிச்சர்ட் காஸ் ஆகியோர் தென்னிந்தியாவில் மேற்கொண்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரவில் விளைநிலங்களை நோக்கி வரும் காட்டுயானைகளுக்குப் புலியின் உறுமலும் சிறுத்தையின் உறுமலும் ஒலிபரப்பப்பட்டன. சிறுத்தையின் ஒலிக்கு யானைகள் பிளிறியும் உறுமியும் எதிர்த்தன. புலியின் ஒலிக்கோ சத்தமின்றிப் பின்வாங்கின. இரண்டுள் புலியே கன்றுகளுக்குப் பெரும் இடர். அதாவது, இடர் சிறிதெனில் குரல், பெரிதெனில் மௌனம்.

இம்முடிவை இடமாற்றத்திற்குப் பொருத்தினால் பொதுவழக்கம் தலைகீழாகிறது. பிளிறும் யானை தன்னால் எதிர்கொள்ள இயலும் என்று கருதும் நிலையில் இருக்கலாம். ஒலியடங்கி, மரச்செறிவில் ஒதுங்கி நிற்கும் யானையே மிகுந்த அச்சத்தில் இருக்கக்கூடும்.

6.4 கேட்போரின்மையின் மௌனம்

தொடர்பு உறுமல் மறுகுரலை வேண்டி எழுவது. அறிந்த செவி எட்டும் தொலைவில் இல்லாதபோது அது எழுவதற்கான சூழலே குறைகிறது. புதிய காட்டில் வாழும் யானைகளுக்கோ வந்த யானையின் குரல் அறிமுகமற்றது. இந்நிலையில் குரல் குறைவது மனநிறைவின் அடையாளமா, உறவற்ற தனிமையின் அடையாளமா என்பதை ஒலியின் அளவை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது. அருகில் பிற யானைகள் இருக்கும்போது அது குரல் கொடுக்கிறதா, அவை மறுகுரல் தருகின்றனவா என்பதே உரிய அளவுகோலாகும்.

7. நெடுங்கால விளைவு: கேட்கும் திறன்

இடமாற்றத்தின் விளைவு குரல் எழுப்புவதோடு முடிவதில்லை; பிற குரலைக் கேட்டறியும் திறனையும் அது தாக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் பெரிய யானைகள் கொல்லப்பட்டபோது எஞ்சிய கன்றுகள் பல, பிலானெஸ்பெர்க் பூங்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டன. கிரேம் ஷானன், மெக்கோம் உள்ளிட்டோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அக்கன்றுகள் வளர்ந்து உருவான குடும்பங்களும், குலையாத சமூகம் கொண்ட அம்போசெலிக் குடும்பங்களும் ஒப்பிடப்பட்டன. அறிந்த குரல், அறியாத குரல் என்னும் வேறுபாட்டிற்கும், குரலுக்குரிய யானையின் வயது வேறுபாட்டிற்கும் ஏற்ப அம்போசெலி யானைகள் தக்கவாறு எதிர்வினை காட்டின. பிலானெஸ்பெர்க் யானைகளிடம் இத்திறன் காணப்படவில்லை. நிகழ்வு நடந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் குறை நீங்கவில்லை.

அங்கு இடமாற்றத்தோடு குடும்ப அழிவும் சேர்ந்திருந்தது, இடம்பெயர்ந்தவை கன்றுகள். நம் நிகழ்வுகளில் இடம்பெயர்பவை பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது. எனினும் குரல் அறிவு என்பது மூத்த யானைகளின் அண்மையில் கற்கப்படுவது என்பதும், அத்தொடர்பு அறுந்தால் கல்வி அறும் என்பதும் இதனால் புலனாகின்றன.

8. செய்யத்தக்கன

இடம் மாற்றப்பட்ட யானைக் குடும்பத்தின் குரலை நேரடியாக ஆராய்ந்த முயற்சி குரூகர் பூங்காவில் நடந்து 2015இல் வெளிவந்தது. அத்தகைய முயற்சி தமிழகத்திலும் இயலும். அதற்கு மூன்று நடைமுறைகளை முன்வைக்கலாம்.

முதலாவது, ஒப்பீட்டுப் பதிவு. பிடிப்பதற்கான ஆணைக்கும் பிடிக்கும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில நாள்கள் கிடைக்கின்றன. அந்நாள்களில் 10 ஹெர்ட்ஸ் வரை பதியக்கூடிய தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளை யானையின் வழக்கமான தடங்களில் வைத்தால், அதன் இயல்பான குரல் கிடைக்கும். அந்த அடிப்படை இல்லாமல் பிந்தைய பதிவு எதையும் உணர்த்தாது. விடப்பட்ட பின் முதல் வாரம், முதல் மாதம், ஆறாம் மாதம் என மூன்று கட்டங்களில் பதிவு தொடரலாம்.

இரண்டாவது, சுரப்புச் சான்றோடு இணைத்தல். அழுத்தச் சுரப்புகளின் எச்சம் சாணத்தில் வெளிப்படும். மலேசிய வெப்பமண்டலச் சூழலில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வு, ஆசிய யானையின் சாணத்தில் இவ்வெச்சத்தின் அளவு 8 மணி நேரம் வரை மாறாதிருப்பதைக் காட்டியது. யானையை அணுகாமலே, பின்தொடரும் பணியாளர் மாதிரிகளைச் சேகரிக்க இது வழி செய்கிறது. குரல் குறைந்த நாளில் சுரப்பும் குறைந்திருந்தால் அது அமைதி. குரல் குறைந்து சுரப்பு மிகுந்திருந்தால் அது அச்சம் என ஓரளவு பிரித்தறியலாம்.

மூன்றாவது, பாகர் அறிவைத் தொகுத்தல். இது தமிழாய்வாளர்க்கே உரிய பணி. யானையோடு மனிதக் குரல் கொண்ட உறவைச் சங்க இலக்கியமே பதிந்துள்ளது. மலைபடுகடாம் மலையில் எழும் ஓசைகளை நிரல்படுத்துமிடத்து, யானையைப் பழக்கும் பாகர் கலப்புமொழியில் எழுப்பும் ஓசையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. முல்லைப்பாட்டும் யானைக்கு வடமொழிச் சொற்களால் ஏவல் கற்பிக்கப்பட்டதைக் கூறுகிறது. மனிதர் யானையிடம் பேசிய மொழி இவ்வாறு இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. யானை எழுப்பும் ஒலிகளுக்குப் பாகரிடம் வழங்கும் சொற்களோ போதிய அளவில் தொகுக்கப்படவில்லை. தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களில் தலைமுறைகளாகப் பணிபுரியும் பழங்குடிப் பாகர்களும் காவடிகளும், புதிதாகப் பிடித்துவரப்பட்ட யானை எந்நாளில் எவ்வொலி எழுப்பும் என்பதை அண்மையிலிருந்து அறிந்தவர்கள். அவர்தம் சொற்களையும் விளக்கங்களையும் ஒலிப்பதிவோடு சேர்த்துத் தொகுத்தால், இக்கட்டுரை இரண்டாம் பகுதியில் தற்காலிகமாகக் கையாண்ட சொற்களுக்கு மாற்றாக உண்மையான வழக்குச் சொற்கள் கிடைக்கக்கூடும்.

9. முடிவுரை

இடமாற்ற அழுத்தம் காட்டுயானையின் குரலை உடலியல் வழியாலும் சமூக வழியாலும் பாதிக்கிறது. குரல்நாணின் இறுக்கம் உறுமலின் அதிர்வெண்ணை மாற்றுகிறது. அறிந்த செவிகளின் இழப்பு குரல் எழும் சூழலையே மாற்றுகிறது. இம்மாற்றம் உரத்த ஒலியாகவே வெளிப்படும் என்று எதிர்பார்ப்பது தவறு. மருந்து, கருவிக் குறை, அச்சம், கேட்போரின்மை ஆகிய நான்கும் மௌனமாகவே வெளிப்படக்கூடியவை.

மேய்வதும் ஓரிடத்தில் நிற்பதும் நலத்தின் அடையாளங்கள்தாம். ஆனால் அவை முழுமையானவை அல்ல. மேல் கோதையாற்றில் அமைதியாக உள்ளதாகக் கூறப்பட்ட யானை சில மாதங்களில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பருகே வந்து நின்றது. வீட்டுக்கு வெளியே யானை நிற்பதை முதலில் அறிய வேண்டியவர்கள் அத்தொழிலாளர்கள். கம்பத்தில் பறிபோனது ஒரு மனித உயிர். ஆகவே ‘அமைதி’ என்னும் சொல்லைச் சான்றின்றி வழங்குவதன் விலையை யானையும் அதன் அயலில் வாழும் எளியோரும் சேர்ந்தே செலுத்துகின்றனர். இடமாற்றம் தவிர்க்க முடியாததெனில், யானையின் கழுத்தில் காலர் பொருத்தும் அதே அக்கறையோடு அதன் குரலுக்குச் செவி பொருத்துவதும் கடமையாகும்.